எடுத்து வைத்த கோழிச்சாறு

அந்தக் கட்டடத்தில் அவள் வைத்த கோழிச்சாற்றைக் குடிக்காத வீடு இல்லை. யாருக்காக வைத்தாளோ அந்த ஒருவர் மட்டும்தான் கொஞ்ச காலமாகக் குடிக்கவில்லை.

தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். கடைத்தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் எதை மாட்டிப் பார்த்தாலும் "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று சொல்கிற வேலை இல்லை. அதற்கு முதலாளியின் மைத்துனர் இருந்தார். அந்த வாய் அவருக்குத்தான் உண்டு. அவளுடையது பின்னறை. வட்டமாக வந்து சேரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்கு விளிம்பு தேய்த்து, ஆடாமல் அசையாமல் உட்காரவைப்பது அவள் பாடு. தேய்க்கிற சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அவளுடைய விரல்நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் கழன்று விழும், குறைவாகத் தேய்த்தால் ஃப்ரேமில் விரிசல் விடும். நிதானமானவள் என்று கடையில் நல்ல பெயர். நிதானம் அவளுக்குப் பழகிப்போன சமாசாரம். கப்பல்காரருக்கு வாக்கப்பட்டவள் அது இல்லாமல் எப்படிக் காலந்தள்ளுவது?

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். இதைச் சொன்ன மாத்திரத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்ப லீவுல வந்தா அவர்தான் சமைப்பாரா? குடுத்து வச்சவடி நீ!"

அவளுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். "நல்லா இருக்கே கதை! மாசக்கணக்கா ஆடுற தரையில நின்னு அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுட்டு வர்ற மனுஷன், வீட்டுக்கு வந்தும் கரண்டியைப் பிடிக்கணுமா? அடுப்புப் பக்கமே விடமாட்டேன் நான்" என்பாள். சொல்லும்போது அப்படி ஒரு பெருமை. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

கோழிச்சாற்றுக் கதை கல்யாணமான புதிதில் தொடங்கியது. ஒரு பயணம் முடிந்து காய்ச்சலோடு வந்து இறங்கினார். எதைக் கொடுத்தாலும் தொண்டைக்குள் இறங்கவில்லை. அவள் கோழி எலும்பைப் போட்டுச் சாறு இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமலே, "இனிமே கப்பல்ல இதை நினைச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்" என்றார். காய்ச்சல்காரர் பேச்சு. ஆண்கள் போகிற போக்கில் இப்படி ஆயிரம் சொல்வார்கள். காய்ச்சல் விட்டதும் மறந்தும் போவார்கள். அவள் மறக்கவில்லை. அன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அவர் வரப்போகிறார் என்றால் ஃப்ரீசரில் சாறு தயாராக இருக்க வேண்டும். வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் கைக்கு முதலில் போக வேண்டியது அந்தக் கிண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கோழிக்கடைக்குப் போவாள். கடைக்காரர் அவள் தலையைக் கண்டதுமே கத்தியைத் துடைத்தபடி, "என்னக்கா, அண்ணன் வராரு போல?" என்பார். கழுத்து, முதுகெலும்பு, இறக்கை எல்லாம் சேர்ந்து பைக்குள் விழும். கேட்காமலே கால்களையும் சுத்தம் செய்து போடுவார். கால் சேர்ந்தால்தான் சாறு கெட்டிப்படும் என்பது இருவருக்கும் தெரியும்.

சட்டியில் எலும்பைப் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, தீயைச் சிறியதாக வைப்பாள். தளதளவென்று கொதிக்க விட்டால் போச்சு, சாறு கலங்கிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் சோம்பலாக எழுந்து உடைந்தால் போதும். மேலே திரளும் அழுக்கு நுரையை அரிகரண்டியால் வழித்து வழித்துப் போடுவாள். நுரை நின்றபிறகுதான் வெங்காயமும் கேரட்டும் இஞ்சியும் மிளகும். உப்பு கூடாது, குடிக்கிற வேளையில் போட்டுக்கொண்டால் போதும். மத்தியானம் வரைக்கும் அடுப்பில் இருக்கும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி, சட்டியோடு கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் பச்சைத் தண்ணீருக்குள் இறக்குவாள். சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் தானும் கெட்டு, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு ஆடை கட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டுச் சட்டியை லேசாக ஆட்டினால் உள்ளே சாறு கூழாகாமல் கல்லாகாமல் மெத்தென்று குலுங்கும். முதன்முதலில் இப்படி உறைந்ததைப் பார்த்து, ஐயோ கெட்டுப்போச்சே என்று மொத்தத்தையும் கொட்டியவள்தான் அவள். கோழிக்கடைக்காரர் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அந்தக் குலுங்கலைப் பார்த்தால்தான் அவளுக்கு மனம் நிறையும். அதைக் கொஞ்சம் இளக்கிப் பாட்டில்களில் கழுத்துக்குக் கீழே நிறுத்தி ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்குவாள். கழுத்துவரை ஊற்றினால் உறையும்போது உப்பிக்கொண்டு பாட்டிலையே பிளந்துவிடும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

எல்லாம் சரி. வரவேண்டிய ஆள் வரவேண்டுமே.

"அடுத்த மாசம் இறங்கிடுவேன்" என்பார் ஃபோனில். அவள் சாறு வைப்பாள். அடுத்த மாதம் வரும், "மாத்து ஆள் கிடைக்கலையாம். இன்னும் ஒரு ட்ரிப் முடிச்சுட்டு வான்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்பார். "சரிங்க, உடம்பைப் பாத்துக்கங்க" என்பாள். வேறு என்ன சொல்வது? கடலுக்கு நடுவிலிருந்து விட்டு விட்டுக் கேட்கிற குரலிடம் கோபித்துக்கொள்ளவா முடியும்? அவர்கள் வீட்டில் ஃபோன் என்பது நல்ல வார்த்தை பேசுவதற்கு. சாப்டியா, சாப்டேன், தூங்கினீங்களா, தூங்கினேன், பாப்பா படிக்கிறாளா, படிக்கிறா. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான். சண்டை, சலிப்பு, வீட்டுக் குழாய் ஒழுகுவது, இதையெல்லாம் ஃபோனில் பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அதுவாகவே அப்படி ஆகிவிட்டது.

ஃப்ரீசரில் வைத்தாலும் சாற்றுக்கு ஆயுசு உண்டு. சில மாதம் தாண்டினாலும் கெடாது, ஆனால் வாசனை போய்விடும். பனியின் ருசிதான் மிஞ்சும். அதை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. அதனால் பழைய பாட்டில்களை எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, அவருக்கென்று புதிதாக வைப்பாள். மாடியில் பிள்ளை பெற்றவள் குடித்தாள். காவலாளி குடித்தார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த கடை முதலாளி குடித்தார். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் டீச்சரம்மா குடித்த அளவுக்கு வேறு யாரும் குடித்ததில்லை.

"இந்தத் தடவையும் வரலையா?" என்று கதவைத் திறக்கும்போதே டீச்சரம்மாவின் முகம் வாடிவிடும். "ஐயோ பாவமே. உன்னை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கலை." அதற்குள் கை நீண்டு பாட்டிலை வாங்கியிருக்கும். "மூணு பாட்டிலா! எதுக்கும்மா இவ்வளவு?"

அந்தம்மாவைத் தப்புச் சொல்ல முடியாது. இரக்கமும் உண்மை, பசியும் உண்மை.

இரக்கப்பட்டுக் குடித்தவர்கள் எல்லோருக்கும் தெம்பு வந்தது. அவளுக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ குறைந்துகொண்டே போனது. அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். அதில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் கிண்ணம் இருக்க வேண்டும். அவள் வேலைக்குப் போகும்போது பார்க்க வேண்டும், திரும்பி வரும்போதும் அங்கேயே பார்க்க வேண்டும். பின்னறையில் சக்கரம் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே இந்த ஒரு காட்சியை அவள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று கணக்குச் சொல்ல முடியாது. கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்தில் அவரோடு சேர்ந்தாற்போல் இருந்த நாட்களைவிட அவரை நினைத்துக்கொண்டு இருந்த நாட்கள்தான் அதிகம். ஏங்கி ஏங்கி அதுவும் ஒரு குடித்தனம்போல ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் இருமிக்கொண்டே நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணி, நான் அண்ணன்கூடக் கப்பல்ல இருந்தவன். இஞ்சின் ரூம்ல வேலை. கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டிருக்கேன். வழியிலதானேன்னு அண்ணன் பாப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் குடுத்தனுப்பினாரு."

"உள்ள வாங்க தம்பி. என்ன இப்படி இருமுறீங்க? உட்காருங்க மொதல்ல."

அவள் அந்தத் தம்பியையே பார்த்தாள். சில நாட்களுக்கு முன்புவரை கணவர் முகத்தைப் பார்த்த கண், அவர் கையால் சாப்பிட்ட உடம்பு. எதைக் கொடுத்தாலும் தகும். ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே இருந்தது போன வாரம்தான் வைத்தது, அவருக்கென்று. யோசிக்கவே இல்லை, ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீரில் வைத்து இளக்கி, சுடவைத்து, உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பி ஊதி ஊதிக் குடித்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. "உயிர் வந்துடுச்சு அண்ணி" என்றார். அந்தத் தெம்பில் பேச்சும் வந்தது. "அண்ணன் இறங்கியிருந்தா எங்க பாடு திண்டாட்டமா போயிருக்கும். போன துறைமுகத்துல மாத்து ஆள் வந்து நின்னாச்சு, பெட்டியோட. அண்ணன்தான் கேப்டன்கிட்டப் போயி நானே இருக்கேன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம்!"

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அவரே கேட்டாரா?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்ணத்துக்குள் பார்த்தார். அங்கே ஒளிய இடமில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாது. அது உங்க தப்பு இல்லை" என்றாள் அவள். "ஏன் கேட்டாருன்னு தெரியுமா? வேற ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க தம்பி."

"ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை அண்ணி! அண்ணன் தங்கமானவரு. எந்நேரமும் உங்க பேச்சுத்தான், பாப்பா பேச்சுத்தான்." துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "ஒருநாள் நானே கேட்டேன், ஏண்ணே வீட்டுக்குப் போகலைன்னு. வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாரு. நிமிராமலே சொன்னாரு: 'வீட்டுல எல்லாம் ரெடியா இருக்கும்டா. நான் போயி உட்கார்ந்தா போதும். எனக்கு உட்காரத் தெரியலை.' அவ்வளவுதான் சொன்னாரு. எனக்குப் புரியலை அண்ணி. அடுத்த துறைமுகம் இன்னும் பத்துப் பதினைஞ்சு நாள்ல வந்துடும். அங்கேயும் கேப்பாங்க, இறங்குறியா இருக்கியான்னு. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க."

தம்பி போய்விட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, சாய்வு நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. மாத்து ஆள் கிடைக்கவில்லையாம்! ஆபீஸில் சொல்கிறார்களாம்! இவள் இங்கே கோழிக்காலைக் கழுவிக்கொண்டு கிடக்க, ஐயா அங்கே கெஞ்சிக் கேட்டுத் தங்குகிறார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சாறு ஊற்றி ஊற்றி, அவர்கள் முன்னால் இவள் அல்லவா பைத்தியக்காரியாக நின்றிருக்கிறாள்? எழுந்துபோய் ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். மிச்சம் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடையில் வைத்தாள். கொட்டிவிடலாம் என்றுதான் எடுத்தாள். ஆனால் கொட்டக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு போய் டீச்சரம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அவர் "ஐயோ பாவமே" என்று ஆரம்பிப்பதற்குள் மேலே ஏறி வந்துவிட்டாள்.

மறுநாள் கடையில் ஒரு லென்ஸைத் தலைகீழாகத் தேய்த்தாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்யாத தப்பு. முதலாளியின் மைத்துனர் எட்டிப் பார்த்து, "அக்காவுக்கே கண்ணாடி வேணும்போல" என்றார். அவள் சிரிக்கவில்லை. தேய்த்த லென்ஸை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை எடுத்தாள். சக்கரம் சுற்றியது, தண்ணீர் சொட்டியது, கணவர் சொன்ன வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு உட்காரத் தெரியலை.

போன லீவில் அவர் வந்திருந்த நாட்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள். வந்த மறுநாள் காலையில் அவர் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். அவள் ஓடிப்போய்க் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, "போங்க, போயி உட்காருங்க. வருஷம் பூரா நின்ன கால்" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எவ்வளவு ஆசையாகத் தள்ளினாள்! அவரும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அப்புறம் துணி துவைக்கப் போனார். மெஷின் இருக்கிறது என்றாள். கடைக்குப் போய்வருகிறேன் என்றார். எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். காலையில் எழுந்ததும் போர்வையைக் கட்டம் கட்டமாக மடித்துத் தலையணைமேல் வைத்துவிடுவார், லாட்ஜில் தங்கியவர் கிளம்பும்போது வைப்பதுபோல. கப்பல் பழக்கம் என்று நினைத்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்னால், "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டாரே! தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு! அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு இவள் பூரித்துப்போய் நின்றிருக்கிறாள்.

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். மறைக்கவில்லை. மகள் புதிய ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா போன தடவை என்கிட்ட ஒண்ணு கேட்டாரும்மா" என்றாள். "நீ வேலைக்குப் போயிருந்தே. 'இந்த வீட்டுல எந்த சுவிட்சு எதுக்குன்னு ஒரு தடவை சொல்லிக்குடு பாப்பா, தப்புத் தப்பாப் போடுறேன், உங்கம்மா சிரிக்கிறா'ன்னாரு. நான் சொல்லிக்குடுத்தேன். ரொம்பக் கவனமாக் கேட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் பல்பு மாத்தணும்னு ஏணியை எடுத்துட்டு வந்தாரு. நான் ஏற்கெனவே மாத்திட்டேன்னு சொன்னேன். ஏணியைத் திரும்பக் கொண்டுபோயி வச்சுட்டாரு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டுவதற்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது. இந்த ஏணி விஷயம் அதை ஒரு நொடியில் கலைத்துவிட்டது. அவர் வரவேண்டும் வரவேண்டும் என்று ஏங்கினாள் அல்லவா, அந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டே வீட்டில் அவருக்கு ஓர் இடம்கூட மிச்சம் வைக்காமல் நிரப்பிவிட்டாள். வந்தால் உட்கார நாற்காலி உண்டு. நிற்க இடமில்லை.

அந்த வாரம் கோழிக்கடைக்காரர் வழக்கம்போல எலும்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "வேண்டாம் தம்பி" என்றாள். "ஏன்க்கா, அண்ணன் வரலையா?" என்றார். "தெரியலை" என்றாள். அதுதான் உண்மை. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எலும்பை வேறு யாருக்கோ போட்டார்.

ஃபோன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. மகள் மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும்போல இஞ்சினின் உறுமல்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு. தம்பி வந்தானா? ஸ்வெட்டர் பாப்பாவுக்குச் சரியா இருந்துச்சா?"

"சரியா இருக்கு. போட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கா."

"நல்லதாப் போச்சு. அப்புறம்..." குரல் இறங்கியது. "ஆபீஸ்ல இன்னும் மாத்து ஆள்..."

இந்த இடத்தில்தான் அவள் "சரிங்க" என்பாள். இத்தனை காலமும் அப்படித்தான். நாலு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஆரம்பித்து அழுகையில் முடிகிற பேச்சு. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"ஃப்ரீசர்ல ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

"என்னது?"

"சூப்பு. எல்லாத்தையும் குடுத்துட்டேன். இனிமே வைக்கப்போறதும் இல்லை."

இஞ்சின் உறுமியது. "ஏன், உடம்பு முடியலையா உனக்கு?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குச் சூப்பு வேணும்னா நீங்க வந்து வச்சுக் குடிங்க. எனக்கும் குடுங்க."

"நானா? நான் அடுப்புப் பக்கம் வந்தாலே உனக்குப் பிடிக்காதே."

"நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பாக்கணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசை உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். "நீங்க இல்லாம என்னால முடியலைங்க. நான் எல்லாத்தையும் தயாரா வச்சது, நீங்க வேண்டாம்னு இல்லை. நீங்க வேணும்னுதான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. மகள் புத்தகத்தில் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எலும்பை வறுப்பியா நீ?"

"எந்த எலும்பை?"

"சூப்புக்குப் போடுற எலும்பைத்தான். வறுத்துட்டுப் போடுவியா, பச்சையாவே போடுவியா?"

"இது என்ன கேள்வி? சூப்புக்கு யாராவது எலும்பை வறுப்பாங்களா?"

"வறுக்கணும். ஓவன்ல வச்சுச் செவக்க வறுத்துட்டு அப்புறம்தான் தண்ணியில போடணும். அப்பத்தான் நிறம் வரும், மணம் வரும். உன் சூப்பு வெளுத்துப்போயி இருக்கும்."

"வெளுத்துப்போயா!" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "தெளிவா இருக்குங்க! கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தக் கட்டடமே குடிச்சுட்டுப் பாராட்டுது. வெளுத்துப்போச்சாம்!"

"சும்மா குடுத்தாப் பாராட்டாம என்ன செய்வாங்க?"

"அப்ப இத்தனை வருஷமா நீங்க குடிச்சீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"விருந்தாளி எப்படிச் சொல்றது?" என்றார் அவர்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் அது அவள் நெஞ்சில் நேராக வந்து விழுந்தது. அழுதுவிடக் கூடாது, அழுதால் அவர் மறுபடியும் நல்ல வார்த்தை பேச ஆரம்பித்துவிடுவார் என்று மட்டும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எலும்பை வறுத்தாக் கசக்கும்" என்றாள்.

"கருக்கினாத்தான் கசக்கும். வறுக்கத் தெரியணும்."

"தெரியணுமாம்! வெங்காயத்தை எப்பப் போடுவீங்க?"

"மொதல்லயே. தோலோட."

"தோலோடவா? கழுவாத தோலோடவா? கடவுளே, அந்தக் கப்பல்ல இருக்கிறவங்க எப்படித்தான் உயிரோட இருக்காங்க?"

"கழுவித்தான்டி போடுவேன்! உனக்கு என்ன தெரியும்? கையளவு சட்டியை வச்சுக்கிட்டு, தீயைக் கூட்டப் பயந்துக்கிட்டு..."

"நான் பயப்படுறேனா? நீங்க வச்சது கலங்கிப்போயித்தான் இருக்கும், எழுதித் தரேன்!"

பால்கனிக்குக் கீழே டீச்சரம்மா கொடியில் துணியை எடுப்பதுபோல நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. மகள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"கலங்கியிருக்குமா?" அவர் குரல் இஞ்சினையும் மீறி உயர்ந்தது. உண்மையாகவே கோபம் வந்துவிட்டது மனுஷனுக்கு. "நான் வச்ச சூப்பு கலங்கியிருக்குமா? இரு, வந்து காட்டறேன்!"

ஃபோன் வைக்கப்பட்டது. எப்போதும் கடைசியில் சொல்கிற 'உடம்பைப் பாத்துக்க' இல்லை. 'பாப்பாவைக் கேட்டதாச் சொல்லு' இல்லை.

வரேன் வரேன் என்று அவர் ஆறுதலாகச் சொன்னதையெல்லாம் அவள் நம்பிக் கெட்டிருக்கிறாள். இது அப்படிச் சொன்னது இல்லை. அவள் ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்து, "அப்பா வராருடி" என்றாள்.